பூங்காத் துறையில் புதைபடிவ வேலை: ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருஷமாக அமெரிக்காவின் மேற்கே ஒரு மாநிலத்தில், அரசுப் பூங்காத் துறையில் தொல்லுயிரியல் வல்லுநராக, அதாவது மண்ணுக்குள் கிடக்கும் பழங்கால உயிர்களின் எச்சங்களைப் பார்த்துக்கொள்கிறவளாக வேலை பார்க்கிறேன். பிறந்து வளர்ந்தது திருவையாற்றுக்குப் பக்கத்தில். மார்கழி வந்தால் அமெரிக்காவில் நான் இருக்கும் பக்கம் மலையெல்லாம் பனி மூடி ஃபீல்டு வேலை நின்றுவிடும். பொங்கலுக்கு நான் ஊரில் இருப்பேன். கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று ஏதாவது ஒரு பள்ளியிலோ கல்லூரியிலோ பேசக் கூப்பிடுவார்கள். பேச்சு அரை மணி, கேள்விகள் ஒன்றரை மணி. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை எழுதியே வைத்துவிட்டால் என்ன என்று தோன்றியது.

பூங்காவில் வேலை என்றால் தோட்ட வேலையா?

தஞ்சாவூர்க்காரர்களுக்குப் பூங்கா என்றால் சிவகங்கைப் பூங்காதான். "பொண்ணு அமெரிக்காவுல பார்க்குல வேலை பாக்குறா" என்று அம்மா பெருமையாகச் சொல்ல, செடிக்குத் தண்ணீர் விடவா அவ்வளவு தூரம் போனாள் என்று பக்கத்து வீட்டு அத்தை கேட்டாராம். அத்தை கேட்டதில் தப்பில்லை.

அங்கே பூங்கா என்று சொல்வது நம் கணக்கில் ஒரு தாலுகா, சில இடங்களில் ஒரு மாவட்டமே. மலை, பாலைவனம், ஆற்றுப் பள்ளத்தாக்கு எல்லாம் அதற்குள் வரும். 1916ல் தொடங்கிய தேசியப் பூங்காத் துறையின் கையில் இருக்கும் இடங்களில் 280க்கும் மேற்பட்டவற்றில் புதைபடிவங்கள் கிடைத்திருக்கின்றன. மாநிலங்கள் தனியாகவும் பூங்கா நடத்துகின்றன. கலிஃபோர்னியாவின் ஆன்சா-பொரேகோ பாலைவனப் பூங்கா அப்படி ஒரு மாநிலப் பூங்காதான். பயிற்சி பெற்ற தன்னார்வலர்களை வைத்துக்கொண்டே அங்கே பெரிய அளவில் புதைபடிவ வேலை நடக்கிறது.

என் வேலையை ஊர் பாஷையில் சொன்னால் நான் புதைபடிவங்களுக்கு வி.ஏ.ஓ. எந்த மேட்டில் என்ன இருக்கிறது, போன வருஷம் எப்படி இருந்தது, இந்த வருஷம் எவ்வளவு கரைந்திருக்கிறது, யார் கை வைத்திருக்கிறார்கள் என்று அடங்கல் எழுதுவதுதான் பாதி வேலை. மீதிப் பாதி, புதிதாக நடைபாதை போடவோ கழிவறைக்குக் குழி வெட்டவோ கிளம்பும் பொறியாளருக்கு முன்னால் போய் நின்று "கொஞ்சம் பொறுங்கள்" என்பது.

கீழடி மாதிரியா?

இல்லை. கீழடியில் நடப்பது தொல்லியல். மனிதர் செய்த பானை, கட்டிய சுவர், எழுதிய எழுத்து, எல்லாம் சில ஆயிரம் வருஷக் கணக்கு. நான் பார்ப்பது தொல்லுயிரியல், கோடிக் கணக்கு. இரண்டு கூட்டத்தாரும் பிரஷ் வைத்துக்கொண்டு குழியில் குந்தியிருப்பதால் படத்தில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

ஆனால் தோண்டுவதுதானே முக்கியமான வேலை?

எல்லாரும் இதைத்தான் நினைக்கிறார்கள். சினிமாவிலும் அப்படித்தான் காட்டுகிறார்கள். ஒரு வருஷத்தில் நான் நிஜமாகத் தோண்டும் நாட்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம்.

எலும்பு எந்தப் படுகையில், எந்த மட்டத்தில், எந்தத் திசையில் தலை வைத்துக் கிடந்தது, பக்கத்தில் என்ன கிடந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் அதற்கு விலை. அதைப் பெயர்த்து எடுத்த நிமிஷத்தில், எழுதி வைத்தது மட்டும் மிஞ்சும், எழுதாததெல்லாம் போச்சு. அதனால் ஒரு புதைபடிவத்தைப் பார்த்ததும் முதல் கேள்வி "எப்படி எடுப்பது" இல்லை. "எடுக்கத்தான் வேண்டுமா?" பாறைக்குள் பத்திரமாக இருந்தால் விட்டுவிடுவோம். பத்து மழை தாங்கும் என்றால் குறித்து வைத்து அடுத்த வருஷம் வந்து பார்ப்போம். இந்த மழையிலேயே போய்விடும், அல்லது ஆட்கள் நடக்கும் தடத்தில் இருக்கிறது என்றால்தான் கை வைப்போம்.

எடுக்கவே முடியாதவையும் உண்டு. நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸ் தேசியப் பூங்காவில் பழைய ஏரிப் படுகையில் மனிதர் கால்தடங்கள் இருக்கின்றன. 21,000 முதல் 23,000 வருஷம் பழையவை என்று 2021ல் வெளியிட்டார்கள். காற்று மணலை அரிக்க அரிக்கத் தடம் வெளியே தெரியும், தெரிந்த கொஞ்ச நாளில் அதே காற்றில் அழிந்தும் போகும். அங்கே செய்ய முடிந்தது எல்லாம் ஓடி ஓடிப் படம் எடுப்பதும் அளப்பதும்தான்.

அப்படி எடுக்கும்போது என்ன செய்வீர்கள்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

முதலில் அது எலும்புதானா என்று பார்க்க வேண்டும். வெயிலில் வெளுத்த கல்லும் எலும்பும் தூரத்தில் ஒரே மாதிரி தெரியும். நுனி நாக்கை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். எலும்பில் நுண்துளைகள் இருப்பதால் நாக்கு லேசாக ஒட்டிக்கொள்ளும், கல்லில் ஒட்டாது. அம்மாவிடம் இதைச் சொன்ன அன்று, நான் குடித்த டம்ளரைத் தனியாக எடுத்து வைத்தாள்.

எலும்பு பொடிகிற மாதிரி இருந்தால் பாரலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவோம். உள்ளே இறங்கி இறுக்கிக்கொள்ளும். நாளைக்கு வேறொருவர் வேண்டாம் என்று நினைத்தால் அசிட்டோனிலேயே கரைத்து எடுத்துவிடலாம். திரும்பப் பெற முடியாத எதையும் எலும்புக்குச் செய்யக்கூடாது.

பிறகு சுற்றி வாய்க்கால் மாதிரி வெட்டி, எலும்பைத் தாங்கும் மண்ணை ஒரு காளான் போலக் காலில் நிற்க விடுவோம். மேலே நனைத்த டாய்லெட் பேப்பரை ஒற்றி ஒற்றிப் பல அடுக்கு வைக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் பிளாஸ்டர் எலும்பிலேயே ஒட்டிக்கொண்டு, ஆய்வகத்தில் பிரிக்கிறவர் ஆறு மாதம் நம்மைத் திட்டுவார். அதற்கு மேல் சாக்குத் துணியைப் பட்டைப் பட்டையாகக் கிழித்து, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கரைசலில் முக்கிச் சுற்றுவோம். பாட்டி வழுக்கி விழுந்து கால் முறிந்தபோது ஆஸ்பத்திரியில் போட்டார்களே, அதே மாவுக்கட்டுதான். பாலைவனத்தில் இதற்கான தண்ணீரை முதுகில் சுமந்து போக வேண்டும். டெல்டாவில் பிறந்தவளுக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

கட்டு இறுகியதும் மேலே எண், தேதி, வடக்குத் திசைக்கு ஓர் அம்புக்குறி. கடைசியாக, காளானின் காலை அடியில் அறுத்து அப்படியே புரட்ட வேண்டும். அந்த இரண்டு விநாடிக்கு யாரும் மூச்சு விடமாட்டோம். சரியாகப் பிடிக்காத கட்டு என்றால், புரட்டும்போது எலும்பெல்லாம் அடியில் கொட்டிப்போய் கையில் வெறும் மாவு ஓடு நிற்கும்.

டைனோசர் கண்டுபிடித்திருக்கிறீர்களா, அக்கா?

துண்டு துண்டாக. நீ நினைக்கிற மாதிரி முழுசாக இல்லை தம்பி. நான் அதிகம் பார்ப்பது ஆமை ஓடு, முதலைப் பல், மீன் செதில், இலைத் தடம்.

நீங்கள் செய்ததிலேயே பெரிய தப்பு எது?

கும்பகோணத்தில் ஒரு மாணவி கேட்டாள். மற்றவர்கள் சிரித்தார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சேர்ந்த இரண்டாம் வருஷம். ஒரு சரிவில் ஆமையின் வயிற்று ஓடு, கிட்டத்தட்ட முழுசாக, மேலே வந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம். திங்கட்கிழமை ஆட்களோடு வந்து எடுக்கலாம் என்று, இடம் மறந்துவிடக்கூடாதே என்று பக்கத்தில் ஒரு ரோஸ் கலர்க் கொடியை நட்டுவிட்டுப் போனேன். ஜிபிஎஸ்ஸில் குறித்திருந்தேன், அதுவே போதும். கொடி என் பதற்றத்துக்கு. திங்கட்கிழமை போனால் கொடி இருந்தது, ஓடு இல்லை. யாரோ உளி போட்டு நெம்பியிருந்தார்கள். ஓரத்துண்டுகள் நாலு மட்டும் மண்ணில் கிடந்தன. "இங்கே ஏதோ இருக்கிறது" என்று தூரத்து நடைபாதைக்கு எழுதிப்போட்டது நான்தான்.

அமெரிக்காவில் மத்திய அரசு நிலங்களுக்கு 2009ல் புதைபடிவப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிடைக்கும் இடத்தின் விவரத்தைப் பொதுமக்களுக்குத் தராமல் வைத்துக்கொள்ள அந்தச் சட்டமே இடம் தருகிறது. ஏன் என்று அன்றைக்கு எனக்குப் புரிந்தது. பேச்சில் நான் காட்டும் படங்களில் அடிவானம் தெரியாது, கவனித்திருக்கிறீர்களா? மலையின் விளிம்பை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ஒரே ஒரு சின்னக் கல்லை எடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

அரிசோனாவில் கல்மரக் காடு ஒன்று தேசியப் பூங்காவாக இருக்கிறது. வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு துண்டு பையில் போட்டுக்கொண்டு போவார்கள். பிறகு வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லை, வேலை போயிற்று என்றால், அந்தக் கல்லால்தான் வந்தது என்று பயந்து மன்னிப்புக் கடிதத்தோடு தபாலில் திருப்பி அனுப்புவார்கள். கோயில் மண்ணை எடுத்து வந்தால் ஆகாது என்று நம் பாட்டி சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், திரும்பி வந்த கல்லை அதன் இடத்தில் வைக்க முடியாது. எந்த இடம் என்று யாருக்குத் தெரியும்? தப்பான இடத்தில் போட்டால், நாளைக்கு வருகிற ஆராய்ச்சியாளரை ஏமாற்றியதாகும். அதனால் பூங்கா ஊழியர்கள் ஓரமாக ஒரு குவியலில் கொட்டி வைத்திருக்கிறார்கள். மனசாட்சிக் குவியல் என்று அதற்குப் பெயரே உண்டு.

எல்லா நிலத்திலும் ஒரே விதி இல்லை. தேசியப் பூங்காவில் ஒரு துண்டும் எடுக்கக்கூடாது. நில மேலாண்மைத் துறையின் பொது நிலங்களில் சொந்த உபயோகத்துக்கு ஓரளவு கல்மரம், சாதாரணச் சிப்பிப் படிவங்கள் எடுக்கலாம். முதுகெலும்புள்ள பிராணியின் எலும்பு என்றால் அங்கேயும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

நம் டெல்டாவில் புதைபடிவம் கிடைக்குமா? எங்கள் வயலில் போர் போட்டபோது சிப்பி வந்ததே!

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து ஆட்கள் இதைக் கட்டாயம் கேட்பார்கள். வந்தது நிஜமான சிப்பிதான், ஆனால் வயசு குறைவு. டெல்டா என்பது காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். வேதாரண்யத்தைச் சுற்றி நீளநீளமாகக் கிடக்கும் மணல் மேடுகள் பழைய கடற்கரைகள். கடல் நின்று நின்று பின்வாங்கிய தடம் அது. அந்த மண்ணில் வரும் சிப்பி இன்னும் கல்லாகவில்லை. எங்கள் கணக்கில் பால் பல் விழாத பிள்ளை.

நம்முடைய நிஜமான புதைபடிவங்கள் காலுக்கு அடியில் இருக்கின்றன, வெகு ஆழத்தில். அரியலூரில் வெளியே தெரிகிற அதே கிரெட்டேசியக் காலத்து (டைனோசர்களின் கடைசிக் காலம்) படுகைகள் இங்கே வண்டலுக்குக் கீழே புதைந்து கிடக்கின்றன. நரிமணத்தில் எண்ணெய்க்குத் துளை போட்டபோது மேலே வந்த பாறைத் தூளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கவும் தொல்லுயிரியல் படித்தவர்கள்தான் வேண்டும். அந்தத் தூளில் ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் கடலுயிரிகளின் ஓடுகள் இருக்கும், அவற்றில் பல ஒரு மணல் துகள் அளவுகூட இருக்காது. எந்த வகை ஓடு இருக்கிறது என்று பார்த்து, துளை எந்தக் காலத்துப் படுகையைத் தொட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் துளைகளால் விவசாயி பட்ட பாடு தனிக்கதை. 2020ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்துச் சட்டம் போடும்வரை அது போனது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். புதைபடிவம் எப்படி உண்டாகிறது என்று பாடம் நடத்த டெல்டாவை விட நல்ல இடம் கிடையாது. வெள்ளம் வருகிறது, செத்த மாட்டின் மேல் ஒரே ராத்திரியில் வண்டல் மூடுகிறது, காற்றுப் படாமல் போகிறது. வேண்டியது அவ்வளவுதான், மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும். 1934ல் மேட்டூர் அணை வந்த பிறகு அந்த வண்டலில் பெரும்பங்கு அணைக்குப் பின்னாலேயே தங்கிவிடுகிறது.

வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பாறைச் சுவரில் கட்டைவிரல் தடிமனுக்குக் குழாய் குழாயாக ஏதோ இறங்கியிருந்தது. கூட வந்தவர் வேர்த் தடம் என்றார். நான் பார்த்ததும் நண்டு வளை என்றேன். அடியில் கொஞ்சம் அகன்று, சுவரில் மண் உருண்டைகளை அப்பி வைத்த தழும்போடு இருந்தது. வளைக்குள் கையை விட்டுக் கடி வாங்கியவளுக்கு அது தெரியாதா? வரப்பில் நண்டு வளையை அடைத்து அடைத்துத்தானே எங்கள் அப்பாவுக்குப் பாதி நாள் போனது.

தஞ்சாவூரிலிருந்து ஒரே நாளில் எதைப் பார்த்துவிட்டு வரலாம்?

அரியலூர். தஞ்சாவூரில் பஸ் ஏறினால் திருவையாறு போவதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறு. அதற்கு வடக்கே கொள்ளிடம். அக்கரையில் திருமானூர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மண் மாறும், பயிர் மாறும். கீழப்பழூர் பக்கம் வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. முதலில் அதைப் பாருங்கள். வெளியில் பார்க்கப் போவது என்ன என்று கண்ணுக்குப் பழகிவிடும்.

அடுத்து பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூர் கல்மரம். 1940ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்குச் சொன்னது. 18 மீட்டருக்கு மேல் நீளம், 12 கோடி வருஷம். கரையிலிருந்து அடித்துவரப்பட்டுக் கடலடிச் சேற்றில் புதைந்த மரம். வேலி போட்டு, தேசியப் புவியியல் நினைவுச் சின்னம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். நான் செய்கிற வேலைக்கு நம் பக்கத்தில் உதாரணம் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். கிடந்த இடத்திலேயே கிடக்கிறது. விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையிலும் கல்மரப் பூங்கா உண்டு, ஆனால் அவை சுமார் 2 கோடி வருஷத்து மரங்கள். அசுரனின் எலும்புகள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் காரை கிராமத்துக்கு வெளியே உள்ள களிமண் பொட்டலுக்குப் போங்கள். ஜிப்சம் பளபளக்கும். துப்பாக்கித் தோட்டா வடிவில் கிடப்பவை பெலெம்னைட், கணவாயின் ஒன்றுவிட்ட பாட்டன். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிடுங்கள், நிழல் கிடையாது.

இதையெல்லாம் முதலில் பார்த்தவர்கள் வெள்ளைக்காரர்கள்தானா?

எழுதி வைத்தவர்கள் அவர்கள். புவியியல் ஆய்வுத் துறையின் ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பக்கத்துப் பாறைகளைப் பற்றி எழுதிய அறிக்கை 1862ல் வந்தது. சேகரித்த சிப்பி, அம்மோனைட் (சுருண்ட ஓடு கொண்ட பழங்காலக் கடல் பிராணி) எல்லாவற்றையும் ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா அடுத்த பத்து வருஷத்தில் தொகுதி தொகுதியாக விவரித்தார். இன்றைக்கும் அரியலூர்ச் சிப்பிக்குப் பெயர் தேடினால் அங்கே போய்த்தான் நிற்க வேண்டும். ஆனால் கருடமங்கலத்துச் சிப்பிக் கல்லை வெட்டிப் பளபளப்பாக்கி மேசைப் பலகை செய்த கைகள் உள்ளூர்க் கைகள். அந்தப் பெயர்கள் எந்தத் தொகுதியிலும் இல்லை.

உலகத்திலேயே பெரிய டைனோசர் அரியலூரில் கிடைத்தது என்கிறார்களே, எங்கே வைத்திருக்கிறார்கள்?

எங்கேயும் இல்லை. இதைச் சொல்லும்போது மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும்.

கல்லமேடு கிராமத்துக்குப் பக்கத்தில் கிடைத்த எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1980களின் கடைசியில் விவரித்தார்கள். பெரிய உடல் கொண்ட பல்லி என்ற பொருளில் ப்ருஹத்காயோசாரஸ் என்று பெயர். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர். அந்த அளவு சரியென்றால் தரையில் நடந்த மிகப் பெரிய பிராணிகளில் அது ஒன்று. ஆனால் எலும்பு பொடிப் பொடியாக உதிரும் நிலையில் இருந்தது. பத்திரப்படுத்த முடியவில்லை, சிதைந்தே போய்விட்டது. மிஞ்சியது எழுத்தும் சில படங்களும். 2022ல்கூட அந்தப் பழைய படங்களை வைத்துத்தான் அது நிஜமா என்று விவாதித்தார்கள்.

அதே கல்லமேட்டுப் படுகையிலிருந்து 2013ல் இன்னொரு செய்தி. ஒரே ஒரு பல், சில மில்லிமீட்டர். அதை ட்ரூடொன்டிட் என்ற சின்ன ஊனுண்ணி டைனோசரின் பல் என்று அடையாளம் கண்டு உலகத் தரமான ஆய்விதழில் வெளியிட்டார்கள். அந்தக் குடும்பம் அதுவரை வடக்குக் கண்டங்களில் மட்டும் தெரிந்திருந்தது. இரண்டு மீட்டர் எலும்பைப் பற்றி இன்னும் சண்டை நடக்கிறது. கண்ணில் தூசி மாதிரி விழக்கூடிய பல் ஆய்வாளர் கைக்கு வந்து சேர்ந்தது. பூங்காத் துறையில் எனக்குச் சம்பளம் கொடுப்பது எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு இந்த இரண்டையும்தான் சொல்வேன்.

பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை கிடைத்ததே?

2020 அக்டோபரில் வாட்ஸப்பில் உங்களுக்கு வந்த அதே படம் எனக்கும் நாற்பது பேர் அனுப்பினார்கள். குளத்தைத் தூர்வாரியபோது உருண்டை உருண்டையாகக் கற்கள் வந்தன. அவை முட்டையல்ல. கடலடிச் சேற்றில் அம்மோனைட் போன்ற ஏதோ ஒன்று புதையும், அதைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து படிந்து கல்லுருண்டையாகும். சீடை மாவு உருட்டுகிற மாதிரி.

முட்டை என்றால் ஓடு இருக்க வேண்டும். மெல்லிய ஓடு, அதில் மூச்சுத் துளைகள், உடைத்தால் ஓட்டுக்கும் உள்ளிருப்பதற்கும் நடுவே தெளிவான கோடு. அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். குன்னத்து உருண்டைகளோ ஒன்று தேங்காய், ஒன்று பூசணி. நிஜ டைனோசர் முட்டை பார்க்க வேண்டுமானால் நர்மதைப் பக்கம் போக வேண்டும். மத்தியப் பிரதேசம் தார் மாவட்டத்தில் 92 கூடுகள், 256 முட்டைகள் என்று 2023ல் வெளியிட்டிருக்கிறார்கள்.

சாளக்கிராமம் புதைபடிவமா? அப்படிச் சொன்னால் பெரியவர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா?

கும்பகோணத்தில் சக்கரபாணி கோயில் தெருவில் ஒரு பெரியவர் தன் வீட்டுச் சாளக்கிராமங்களை எனக்குக் காட்டினார். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைக்கும் கறுப்புக் கல்லுக்குள் இருக்கும் அம்மோனைட் அது. சக்கரம் என்று நாம் வணங்குவது அதன் சுருண்ட ஓட்டின் தடம். இமயமலை எழும்புவதற்கு முன் அங்கே இருந்த கடலில் வாழ்ந்தது, சுமார் 15 கோடி வருஷம் முன்பு. "ஆழ்வார் பாடின திருச்சாளக்கிராமம் அப்ப கடலாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "பாற்கடல்னு சொல்லிக்கறேன்" என்று பெட்டியை மூடினார். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை.

என்ன படிக்க வேண்டும்?

புவியியல் இளங்கலை, முதுகலை. ஜியாலஜி என்று பார்த்துச் சேருங்கள், ஜியாகிரஃபி வேறு. இந்தக் குழப்பத்தில் மூன்று வருஷத்தைத் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும். நம் பக்கத்தில் திருச்சி தேசியக் கல்லூரி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கொஞ்சம் தள்ளிப் போனால் சேலம் பெரியார் பல்கலைக்கழகம், சென்னையில் மாநிலக் கல்லூரி, சென்னைப் பல்கலைக்கழகம். விலங்கியல் படித்தவர்களும் இந்த வேலைக்கு வருகிறார்கள், எலும்பு அவர்களுக்கு எங்களை விட நன்றாகத் தெரியும். ஆராய்ச்சி என்றால் லக்னோவில் 1946ல் தொடங்கிய பீர்பால் சாஹ்னி நிறுவனம் இருக்கிறது. பிளஸ் டூவில் இருக்கிறவர்கள் இப்போதைக்குப் படம் வரையப் பழகுங்கள். கேமரா எல்லாவற்றையும் எடுக்கும், எது முக்கியம் என்று அதற்குத் தெரியாது.

இந்தியாவில் பூங்காத் துறையில் இப்படி வேலை உண்டா? சம்பளம் எப்படி?

இந்தப் பெயரில் தனிப் பணி நம் ஊரில் இல்லை. இங்கே கல்மரத்தைப் பார்த்துக்கொள்வது புவியியல் ஆய்வுத் துறை. அங்கே போக வழி யுபிஎஸ்சி நடத்தும் ஒருங்கிணைந்த புவி அறிவியலாளர் தேர்வு. முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என்று மூன்று கட்டம். முதன்மைத் தேர்வில் தொல்லுயிரியலுக்கும், பாறை அடுக்குகளைப் பற்றிய அடுக்கியலுக்கும் இடம் உண்டு. குரூப் ஏ பணி, ஏழாவது ஊதியக் குழுவின்படி அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்கும். ஆனால் உள்ளே போனதும் உங்களை நிலக்கரிக்கோ தாதுவுக்கோ அனுப்பலாம், புதைபடிவம்தான் என்று உறுதி சொல்ல முடியாது.

அமெரிக்காவில் தேசியப் பூங்காத் துறையின் நிரந்தர வேலைக்குக் குடியுரிமை கேட்பார்கள். இதைத் தெரியாமல் கனவு காண வேண்டாம். என்னைப் போல மாநிலம், அருங்காட்சியகம் என்று சுற்றித்தான் பலர் வருகிறார்கள். முதல் சில வருஷம் சீசன் வேலைதான். ஆறு மாதம் சம்பளம், ஆறு மாதம் அடுத்த விண்ணப்பம். எங்கள் சித்தப்பா இன்றைக்கும் "பாங்க் பரீட்சை எழுதியிருக்கலாம்" என்கிறார்.

பெண் தனியாகக் காட்டில் எப்படி?

தனியாகப் போவதே இல்லை, ஆணும் கூடாது என்பது விதி. பாம்பு உண்டு. கல்லைப் புரட்டும்போது நம் பக்கமாகத் தூக்கினால் அது எதிர்ப்பக்கம் ஓடும். நாற்று நட்ட அம்மாவின் இடுப்பை விட என் இடுப்பு நன்றாகவே இருக்கிறது.

என் கண்ணில் ஏதாவது பட்டால் என்ன செய்ய வேண்டும்? சட்டம் என்ன சொல்கிறது?

புதைபடிவத்துக்கென்று தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. புவி மரபிடங்களைப் பாதுகாக்கும் மசோதா ஒன்றின் வரைவு 2022 டிசம்பரில் வெளியாகி, வரைவாகவே நிற்கிறது. அரியலூரில் சிமெண்டுக்கு வெட்டும் சுண்ணாம்புக் கல்லே ஏறக்குறைய 7 கோடி வருஷத்துச் சிப்பிப் படுகைதான். அரைத்து மூட்டையாகி நம் வீட்டுச் சுவரில் பூசப்பட்டு நிற்கிறது. சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர்களும் ஏரி வெட்டும் நூறு நாள் வேலைப் பெண்களும்தான் எந்த ஆராய்ச்சியாளரை விடவும் முதலில் பார்க்கிறார்கள்.

எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், எண்ணெய் பூசாதீர்கள். பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து ஒரு படம், நாலடி தள்ளி நின்று ஒரு படம், சுற்றுப்புறம் தெரிய ஒரு படம். ஊர், ஏரி அல்லது சுரங்கத்தின் பெயர், எவ்வளவு ஆழத்தில் வந்தது, தேதி. இதை வாரணவாசி அருங்காட்சியகத்துக்கோ பக்கத்துக் கல்லூரியின் புவியியல் துறைக்கோ கொடுங்கள். முகநூலில் போடுவது அதற்குப் பிறகு இருக்கட்டும். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் எங்கே எடுத்தது என்று ஒரு சீட்டில் எழுதி, கல்லோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.

போன தை மாசம் திருமானூர் பக்கத்துப் பிளஸ் டூ பையன் ஒருவன் ஓர் அம்மோனைட் படம் அனுப்பினான். ஊர், ஆழம், தேதி எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்தான். கையில் காசு இல்லையாம், பக்கத்தில் தன் பஸ் பாஸை வைத்து எடுத்திருந்தான். பஸ் பாஸ் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து சொல்லச் சொல்லியிருக்கிறேன்.